சில்வா 132-ல் ஒரு பெயர், 138-ல் இன்னொரு பெயர்: பழைய மாதிரிகளையும் புதிய மாதிரிகளையும் சேர்க்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். சிறுதானிய உணவு தொடங்கும் முன் எடுத்த மல மாதிரிகளின் 16எஸ் தரவை (பாக்டீரியாக்களை அடையாளம் காண உதவும் மரபணுவின் டிஎன்ஏ வரிசைகளை), சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஆய்வகத்தில் சில்வா என்ற பெயரிடும் தரவுத்தளத்தின் 132-ஆம் பதிப்பை வைத்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். உணவு முடிந்த பின் எடுத்தவற்றை நீங்கள் சில்வா 138-ஐ வைத்து வகைப்படுத்தினீர்கள். இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்தால் ரூமினோகாக்கேசி குடும்பம் பெருமளவு சரிந்திருக்கிறது. முன்பு அறவே இல்லாத ஆசிலோஸ்பிரேசி திடீரென்று முளைத்திருக்கிறது. வழிகாட்டி இதை உணவின் விளைவாக எழுதச் சொல்கிறார், உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. தலைப்பில் "எந்தப் பதிப்பு சரி?" என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்த மாற்றத்தில் எவ்வளவு உணவால் வந்தது, எவ்வளவு தரவுத்தளத்தால் வந்தது என்பதுதான் உங்களை அரிக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ஆசிலோஸ்பிரேசி "முளைத்தது" உணவால் அல்ல. சில்வா 132-ல் அந்தக் குடும்பமே கிடையாது. ஆசிலோபாக்டர், யூசிஜி-002 (இன்னும் வளர்க்கப்படாத ஒரு பேரினக் கூட்டம்) போன்றவை அங்கே ரூமினோகாக்கேசியின் கீழ் இருந்தன. 2019 டிசம்பரில் வந்த 138-ல் சில்வா குழுவினர் ஜிடிடிபி என்ற மரபணுத்தொகுதி அடிப்படையிலான வகைப்பாட்டைப் பெருமளவு தழுவிக்கொண்டார்கள். அப்போது பழைய ரூமினோகாக்கேசி உடைந்தது. ஃபீக்கலிபாக்டீரியம் போன்றவை அங்கேயே தங்கின. ஒரு பெரும் பகுதி ஆசிலோஸ்பிரேசிக்குப் போனது. யூபாக்டீரியம் கோப்ரோஸ்டனோலிஜெனீஸ் கூட்டம் தனிக் குடும்பமாக நின்றது. 132-ல் "ரூமினோகாக்கேசி யூசிஜி-002" என்று இருந்த பெயர் 138-ல் வெறும் "யூசிஜி-002" ஆனது. மேல் அடுக்கிலும் இதே கதைதான்: குளோஸ்ட்ரிடியேல்ஸ் என்ற ஒரே பெரிய வரிசை (ஆர்டர் என்ற அடுக்கு) ஆசிலோஸ்பிரேல்ஸ், லாக்னோஸ்பிரேல்ஸ், கிறிஸ்டென்செனெல்லேல்ஸ் என்று பிரிந்தது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 2019-ல் வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2011 கணக்கெடுப்பின் வேலூரில் ஏறக்குறைய 39 லட்சம் பேர். அந்த எண்ணையும் இன்றைய வேலூர் மாவட்டத்தின் எண்ணையும் அருகருகே வைத்து, ஜனங்கள் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள் என்று எழுதுவதும், உங்கள் அட்டவணையிலிருந்து ரூமினோகாக்கேசி சரிந்தது என்று எழுதுவதும் ஒன்றுதான்.

இதை ஒரு நாளில் நிரூபித்துக் காட்டிவிடலாம், வழிகாட்டியிடம் வாதாடவே வேண்டாம். பழைய மாதிரிகள், புதிய மாதிரிகள் இரண்டின் ஏஎஸ்வி வரிசைகளையும் (பிழை நீக்கியபின் கிடைக்கும் தனித்தனி டிஎன்ஏ வரிசைகளை) ஒரே கோப்பில் சேருங்கள். அந்த ஒரே கோப்பை ஒருமுறை 132-ஐ வைத்தும், ஒருமுறை 138-ஐ வைத்தும் வகைப்படுத்துங்கள். ஒவ்வொரு ஏஎஸ்விக்கும் இரண்டு பெயர்கள் கிடைக்கும். 132-ல் ரூமினோகாக்கேசி என்று பெயர் பெற்ற ரீடுகளில் (கருவி படித்த டிஎன்ஏ துண்டுகளில்) எத்தனை 138-ல் எந்தெந்தக் குடும்பத்துக்குப் போயின என்று ஒரு குறுக்கு அட்டவணை போடுங்கள். உணவுக்கு முந்தைய மாதிரிகளிலேயே ஆசிலோஸ்பிரேசி நிறைய இருப்பது தெரிந்துவிடும். இந்த அட்டவணையை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வையுங்கள். மதிப்பீட்டாளர் எவரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்.

அடுத்து, சேர்க்கலாமா என்ற கேள்வி. பெயர்களை வைத்துச் சேர்க்கக் கூடாது. வரிசைகளை வைத்துச் சேர்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பதிப்பால் புதிதாகப் பெயர் வைக்க வேண்டும். டாடா2 என்ற மென்பொருள் தரும் ஏஎஸ்வி என்பது டிஎன்ஏ வரிசையேதான். எந்தத் தரவுத்தளம் வந்தாலும் போனாலும் அது மாறாது. அந்தக் கால 97% ஓடியூக்களில் (97% ஒத்த வரிசைகளின் கூட்டங்களில்), அதிலும் கிரீன்ஜீன்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு மட்டும் பொருத்தும் மூடிய முறையில் எடுத்தவற்றில், இந்த வசதி கிடையாது. அங்கே ஓடியூவின் அடையாள எண்ணே தரவுத்தளத்திலிருந்து வந்தது; பதிப்பு மாறினால் எண்ணும் மாறிப்போகும். உங்களிடம் இருப்பது ஏஎஸ்வி என்பதால் தப்பித்தீர்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு தொகுப்புகளிலும் பிரைமர் (மரபணுவில் படிக்கும் பகுதியின் எல்லையைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒன்றாக இருக்க வேண்டும், அந்தப் பிரைமரை வெட்டிய விதமும் ஒன்றாக இருக்க வேண்டும். 16எஸ் மரபணுவின் வி3–வி4 பகுதியை இருமுனை ரீடுகளாகப் படித்து ஒட்டியிருந்தால், ஏஎஸ்வி ஒரு பிரைமரின் எல்லையிலிருந்து மறு பிரைமரின் எல்லைவரை நீளும். தரம் பார்த்து எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்பது இறுதி நீளத்தைப் பாதிக்காது. ஒருமுனை ரீடுகளை மட்டும் பயன்படுத்தியிருந்தால் வெட்டிய நீளம் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் மென்பொருளுக்கு அது வேறு ஏஎஸ்வி. சைம் 2 என்ற பகுப்பாய்வு மென்பொருள் வரிசைக்குப் பதிலாக அதன் எம்டி5 என்ற சுருக்கக் குறியீட்டைக் காட்டுவதால், நீளம் பொருந்தவில்லை என்பது கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. பொது ஏஎஸ்விக்களே இல்லாத இரண்டு உலகங்களாகத் தரவு பிரிந்து நிற்கும். முன், பின் மாதிரிகளுக்கு இடையே பொது ஏஎஸ்விக்கள் ஏறக்குறைய பூச்சியம் என்று வந்தால் உணவைச் சந்தேகிக்காதீர்கள், பிரைமர் வெட்டைச் சந்தேகியுங்கள். ஃபாஸ்ட்கியூ கோப்புகள் (கருவி தந்த மூல ரீடுகள்) கையில் இருந்தால் இரண்டையும் அடியிலிருந்து ஒரே அளபுருக்களுடன் ஓட்டிவிடுவது நல்லது. டாடா2-ன் பிழைக் கணிப்பை (எரர் மாடல்) மட்டும் கருவியின் ஒவ்வொரு ரன்னுக்கும் தனித்தனியாகக் கற்கவிட்டு, அதன் பிறகு அட்டவணைகளை இணையுங்கள்.

மூலக் கோப்புகள் தொலைந்து, பழைய குடும்ப அட்டவணை மட்டுமே மிஞ்சியிருந்தால் நிலைமை கஷ்டம். "மேல் அடுக்குக்குப் போய்த் தொகுதி (ஃபைலம்) அளவில் ஒப்பிடலாமே" என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. குளோஸ்ட்ரிடியா என்ற வகுப்பு இரண்டு பதிப்புகளிலும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. ரூமினோகாக்கேசி உடைந்த துண்டுகள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். ஆனால் தொகுதி அடுக்கிலேயே சில பெயர்ந்துவிட்டன. குடலில் இருக்கும் பைலோஃபிலாவும் டீசல்ஃபோவிப்ரியோவும் 132-ல் புரோட்டியோபாக்டீரியா. 138-ல் டீசல்ஃபோபாக்டீரோட்டா என்ற தனித் தொகுதி. கேம்பைலோபாக்டரும் அதன் உறவுகளும் 132-ல் எப்சிலான்பாக்டீரியோட்டா, 138-ல் கேம்பிலோபாக்டரோட்டா. 132-ல் பாக்டீராய்டீட்ஸ் என்று இருந்தது 138-ல் பாக்டீராய்டோட்டா ஆகிவிட்டது, ஆனால் ஃபர்மிக்யூட்ஸ் அதே பெயரில் தொடர்ந்தது. பழைய ஆர் மொழி நிரலில் பாக்டீராய்டீட்ஸ் என்ற சொல்லைத் தேடி ஃபர்மிக்யூட்ஸ்–பாக்டீராய்டீட்ஸ் விகிதம் போட்டால் 138-ல் கீழே பூச்சியம் வரும், விகிதம் முடிவிலிக்குப் போகும். அப்படிப் போனால் நல்லது, பிழை உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் பாதி மட்டும் மாறும் பெயர்கள்தான் ஆபத்து.

இந்தத் தொகுதிப் பெயர்களின் கதை அதோடு முடியவில்லை. தொகுதி என்ற அடுக்கே 2021-ல்தான் பாக்டீரியப் பெயரிடல் விதிகளுக்குள் முறைப்படி சேர்ந்தது. அதே ஆண்டில் ஓரனும் காரிட்டியும் 42 தொகுதிப் பெயர்களை முறையாக வெளியிட்டார்கள். ஃபர்மிக்யூட்ஸ் பேசில்லோட்டா ஆனதும், புரோட்டியோபாக்டீரியா சூடோமோனடோட்டா ஆனதும் அதன் விளைவு. 2024-ல் வந்த சில்வா 138.2-ல் இந்தப் புதிய பெயர்களைப் பார்ப்பீர்கள். ஆகவே "138 பயன்படுத்தினோம்" என்று மட்டும் எழுதினால் போதாது. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணும் வேண்டும்.

இனி "எந்தப் பதிப்பு சரி" என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே உறுதி குறைகிறது. பொதுவாகப் புதியதை எடுங்கள் என்பேன். ஆனால் புதியது என்பதால் ஒவ்வொரு பெயரும் உண்மைக்கு நெருங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில்வாவில் இருக்கும் வரிசைகளில் பெரும்பாலானவை வளர்ப்புத் தட்டில் வளர்த்துப் பெயரிட்ட பாக்டீரியாக்களுடையவை அல்ல. மண், கடல், மலம் என்று எங்கெங்கோ நேரடியாக எடுத்த டிஎன்ஏ. அவற்றின் பெயர், பரிணாம மரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வைத்த பெயர். ராபர்ட் எட்கர் 2018-ல் சில்வா, கிரீன்ஜீன்ஸ் இரண்டிலும் சுமார் 17% பெயர்க்குறிப்புகள் தவறாக இருக்கும் என்று மதிப்பிட்டார். அந்த எண் கணக்கிடும் முறையைப் பொறுத்தது என்றாலும், தரவுத்தளத்தின் பெயரை வேதவாக்காக எடுக்கக் கூடாது என்பதற்கு அது போதும்.

பெயரிடும் நிரலான வகைப்படுத்தி தன்னிடம் இல்லாத பெயரைச் சொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் மாதிரியில் உள்ள ஒரு பேரினம் தரவுத்தளத்தில் இல்லையென்றால், கிட்டத்தட்ட ஒத்த இன்னொன்றின் பெயரை வைக்கும், அல்லது மேல் அடுக்கோடு நின்றுவிடும். சைம் 2-ல் 0.7 நம்பிக்கை அளவு, டாடா2-ல் 50 பூட்ஸ்ட்ராப் (மறுமுயற்சிகளில் எத்தனை முறை அதே பெயர் வந்தது என்ற அளவு) என்று இயல்பாக வைத்திருப்பார்கள். அந்த எண் இந்தத் தரவுத்தளத்துக்குள் இந்தப் பெயர் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது; மாதிரியில் அந்த உயிரி இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. 0.98 வந்ததால் இது நிச்சயம் இன்னதுதான் என்று கட்டுரைகளில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

தரவுத்தளம் பெரிதாகும்போது பெயர்கள் கூடும் என்பது எல்லோரும் எதிர்பார்ப்பது. பல நேரம் நடப்பது நேர்மாறு. ஷாட்கன் தரவில் (16எஸ் மட்டுமன்றி எல்லா டிஎன்ஏவையும் படித்தது) பெயரிடும் கிராக்கன் போன்ற மென்பொருள்களுக்கு இதை 2018-ல் நாஸ்கோவும் சக ஆய்வாளர்களும் தெளிவாகக் காட்டினார்கள்: ரெஃப்சீக் என்ற மரபணுத்தொகுதித் தரவுத்தளம் வளர வளர, சிற்றினம்வரை பெயர் பெறும் ரீடுகள் குறைந்து, பேரினத்தோடு நின்றுவிடுபவை கூடின. ஒரே துண்டு பல நெருங்கிய சிற்றினங்களுக்குப் பொதுவாக இருப்பது புதிய வரவுகளால்தான் தெரியவருகிறது. பழைய பதிப்பில் கிடைத்த சிற்றினப் பெயர் புதியதில் காணாமல் போனால், இழந்தது பெரும்பாலும் ஒரு பொய்யான உறுதியைத்தான். எஷரிச்சியாவையும் ஷிகெல்லாவையும் எந்தப் பதிப்பாலும் வி3–வி4 கொண்டு பிரிக்க முடியாது. சில்வா நேர்மையாக "எஷரிச்சியா-ஷிகெல்லா" என்று ஒட்டியே எழுதுகிறது.

உங்கள் ஆய்வுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று பிரிவோடெல்லா. சிறுதானியம் போன்ற நார்ச்சத்துள்ள உணவு என்றால் எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான். 2019-ல் வெளியான இந்திய மெட்டாஜீனோம் ஆய்வு ஒன்றிலும் போபால் பகுதியினரிடம் அது மேலோங்கியிருந்தது. சில்வாவில் அது "பிரிவோடெல்லா", "பிரிவோடெல்லா 7", "பிரிவோடெல்லா 9" என்று துண்டுகளாக வரும். மரத்தில் பிரிவோடெல்லா ஒரே கிளையாக நிற்காததால் கிளைகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். குடலில் முக்கியமான பிரிவோடெல்லா கோப்ரி என்ற சிற்றினம் பெரும்பாலும் 9-ல் விழும். 2022-ல் அந்தச் சிற்றினத்துக்கு செகடெல்லா கோப்ரி என்று பேரினமே மாறியது. நீங்கள் படிக்கும் கட்டுரை எந்தப் பெயரை, எந்த அடுக்கில் கூட்டிச் சொல்கிறது என்று பார்க்காமல் "எங்களுக்கும் பிரிவோடெல்லா கூடியது" என்று ஒப்பிட்டு எழுதிவிடாதீர்கள். லாக்டோபேசில்லஸும் இப்படித்தான்: 2020-ல் அது 25 பேரினங்களாகப் பிரிந்தது. தயிர், கூழ் பற்றிய ஆய்வுகளில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடுவோர் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்.

பதிப்பு மாறினால் பல்லுயிர்ப் பன்மை அளவீடுகளும் மாறுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஏஎஸ்வி அளவில் கணக்கிட்ட ஷானன் குறியீடு போன்றவை பெயரைப் பார்ப்பதில்லை, ஆகவே மாறாது என்பது பாடப்புத்தகப் பதில். நடைமுறையில் ஒரு வழியாக மாற்றம் நுழைந்துவிடும்: பாக்டீரியா அல்லாத மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிக வரிசைகளை நீக்கும் படி. அது பெயரைப் பார்த்துத்தான் நீக்குகிறது. தானியம், காய்கறி சாப்பிடுகிறவர்களின் மலத்தில் பசுங்கணிக வரிசைகள் வருவது சகஜம். சில்வா 138-ல் பசுங்கணிகம் வரிசை (ஆர்டர்) அடுக்கில் வரும் பெயர், மைட்டோகாண்ட்ரியா ஒரு குடும்பத்தின் பெயர். பழைய கிரீன்ஜீன்ஸ் 13_8-ல் பசுங்கணிகம் வகுப்பு அடுக்கில் இருந்தது; மைட்டோகாண்ட்ரியா சிறிய எழுத்தில் தொடங்கியது. ஆர் நிரல் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறாகப் பார்க்கும் என்பதால் வடிகட்டி எதையும் பிடிக்காமல் போகும். ஜிடிடிபியோ பாக்டீரியா, ஆர்க்கியா மரபணுத்தொகுதிகளால் மட்டும் ஆனது. அதை வைத்து வகைப்படுத்தினால் பசுங்கணிகம் என்று சொல்ல அங்கே பெயரே இல்லை, சயனோபாக்டீரியா என்றோ பெயரில்லாமலோ நின்றுவிடும். ஃபைலோசெக் என்ற ஆர் தொகுப்பில் "குடும்பம் மைட்டோகாண்ட்ரியா அல்லாதவை" என்று வடிகட்டும்போது, குடும்பப் பெயரே இல்லாத என்ஏ ஏஎஸ்விக்களும் சேர்ந்து பறந்துவிடும். என்ஏ எத்தனை என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் ஷானனும் கூடவே மாறும். வடிகட்டும் முன்னும் பின்னும் ரீடுகளைக் கூட்டிப் பாருங்கள். யூனிஃபிராக் (பரிணாம மரத்தை வைத்து மாதிரிகளின் வேறுபாட்டை அளக்கும் முறை) போட்டிருந்தால் மரம் எதிலிருந்து வந்தது என்றும் பாருங்கள். செப் முறையில் வரிசைகளைத் தயாரான மரம் ஒன்றில் பொருத்தியிருந்தால் அதன் அடிமரம் சில்வா 128 ஆகவோ கிரீன்ஜீன்ஸ் 13_8 ஆகவோ இருக்கும், நீங்கள் பெயரிடப் பயன்படுத்திய பதிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் ஆய்வகத்தில் யாரும் முடிவெடுக்காமலேயே பதிப்பு எப்படி மாறியது என்று வியந்திருந்தீர்கள். சைம் 2-ல் பயிற்றுவித்த வகைப்படுத்தி, அது உருவான சைகிட்-லேர்ன் என்ற நிரல் நூலகத்தின் பதிப்போடு கட்டுண்டது. மென்பொருளைப் புதுப்பித்தால் பழைய வகைப்படுத்தி ஓடாது, பிழைச்செய்தி வரும். உடனே எல்லோரும் தளத்தில் தயாராக இருக்கும் புதியதை இறக்கிக்கொள்வார்கள். அது வேறு சில்வா பதிப்பாக இருக்கும். பழைய பதிப்பிலேயே தொடர வேண்டுமென்றால் அதன் வரிசைக் கோப்பையும் பெயர்க் கோப்பையும் எடுத்துப் புதிய மென்பொருளில் மீண்டும் பயிற்றுவிக்கலாம். ரெஸ்கிரிப்ட் என்ற செருகுநிரல் அதற்குத்தான் இருக்கிறது. முந்தைய மாணவர் எதைப் பயன்படுத்தினார் என்று எழுதி வைக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம்: அவருடைய கியூஇசட்ஏ வகை முடிவுக் கோப்பைச் சைம் 2 பார்வைத் தளத்தில் இழுத்துப் போட்டால், அது கடந்து வந்த ஒவ்வொரு படியும் தெரியும்.

எனக்குச் சந்தேகமாகவே இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த வாழிடத்தில் எந்த உயிரி எவ்வளவு வரும் என்ற எடைகளைக் கொடுத்து வகைப்படுத்தியைப் பயிற்றுவித்தால் துல்லியம் கூடும் என்று 2019-ல் காட்டியிருக்கிறார்கள். மனித மலத்துக்கான எடைகள் தயாராகவே கிடைக்கின்றன. ஆனால் அவை பொதுக் களஞ்சியத்தில் குவிந்த மாதிரிகளிலிருந்து வந்தவை, அங்கே மேற்கத்திய மாதிரிகளே அதிகம். நம் ஊர்க் குடலுக்கு அந்த எடைகள் உதவுமா, அல்லது மேற்கத்திய எதிர்பார்ப்பை நம் தரவின் மேல் ஏற்றிவிடுமா என்பதில் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. நான் எடையில்லாததையே பயன்படுத்துகிறேன். வேறு முடிவெடுப்பவர்களோடு சண்டையில்லை.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் மிஞ்சும் ஒரு சிக்கல் தரவுத்தளத்தைவிடப் பெரியது. உங்கள் "முன்" மாதிரிகள் எல்லாம் ஒரு ரன்னில், "பின்" மாதிரிகள் எல்லாம் பல மாதம் கழித்து இன்னொரு ரன்னில் படிக்கப்பட்டிருக்கின்றன என்று உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது. டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட் மாறியிருந்தால் அதுவே கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் விகிதத்தை நகர்த்தும். உணவும் ரன்னும் முழுக்க ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் எந்தப் புள்ளியியல் திருத்தமும் அவற்றைப் பிரிக்காது. கருவி ஏதோ ஒரு எண்ணைத் தரும், அதை நம்ப முடியாது. சிறுதானியம் சாப்பிடாத ஒப்பீட்டுக் குழு ஒன்று இருந்து, அவர்களின் மாதிரிகளும் இதே இரண்டு ரன்களில் போயிருந்தால் நிலைமை வேறு: இரு குழுக்களும் முன்னிருந்து பின்னுக்கு எவ்வளவு நகர்ந்தன என்ற வேறுபாட்டைப் பார்க்கலாம். அப்படிக் குழு இல்லையென்றால், பழைய மாதிரிகளின் டிஎன்ஏ உறைபெட்டியில் மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். கொஞ்சத்தைப் புதிய மாதிரிகள் சிலவற்றோடு ஒரே ரன்னில் திரும்பப் படித்தால் ரன்னின் விளைவு எவ்வளவு என்று தெரியவரும். மலமே மிச்சமிருந்தால் பிரித்தெடுப்பதையும் சேர்த்தே மறுபடி செய்யுங்கள். ஒப்பீட்டுக் குழு உண்டா, எந்தக் கிட், உறைபெட்டியில் என்ன இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பகுப்பாய்வை எப்படி அமைப்பது என்று பேசலாம்.